மரண அறிவித்தலுக்கு ஒரு திருத்தம்

பாரிஸில் எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒருமுறை நாலு பக்கத்தில் ஒரு செய்தித்தாள் வருகிறது. லாச்சப்பல் மெத்ரோவிலிருந்து மார்க்ஸ் டோர்மோய் வரைக்கும் உள்ள கடைகளில் அதை இலவசமாக அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் மூன்று பக்கமும் பிரெஞ்சு. கடைசிப் பக்கத்தின் கீழ்ப்பாதி மட்டும் தமிழ். அந்தக் கீழ்ப்பாதியை ஏழு வருடமாக நான் எழுதுகிறேன். சம்பளம் கிடையாது. ரூ காய்த் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் கேஸில், காசு வாங்கும் இடத்தில், நிற்பதுதான் என் வேலை. வீட்டுக்குப் போய்ச் சமைத்து முடித்துவிட்டு, மகள் பாவித்து விட்ட பழைய கணினியில் தட்டி அனுப்புவேன். மெத்ரோவில் எந்தப் படிக்கட்டு மூடியிருக்கிறது, வதிவிட அட்டை புதுப்பிக்க இப்போது என்ன பத்திரம் கூடுதலாகக் கேட்கிறார்கள், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எப்போது பதிவு, யாருடைய தொலைந்த திறப்புக் கோர்வை எந்தக் கடையில் கிடக்கிறது. இவற்றோடு மரண அறிவித்தல்கள்.

சனங்கள் முதலில் வாசிப்பது அதைத்தான். வேறு எதையும் வாசிக்காதவர்களும் அதை வாசிப்பார்கள். கடைக்கு வருகிறவர்கள் என்னைக் காட்டி, "உவதான் செத்த ஆக்களைப் பேப்பரிலை போடுறவ" என்று தங்களுக்குள் சொல்வது என் காதில் விழும். ஒருமுறை ஒரு பெண் தன் தகப்பனுக்குக் காய்ச்சல் என்று என்னிடம் சொல்லிவிட்டு, உடனே கையால் வாயைப் பொத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

தாளை நடத்துகிறவர் குவாதலூப் தீவிலிருந்து இருபது வயதில் வந்து, பாரிஸ் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து இளைப்பாறிய ஒரு தாதி. கறுப்பினப் பெண்மணி, நெடிய உருவம், நடக்கும்போது வளையல்கள் பேசும். கடையில் நாங்கள் அவரை நேர்ஸ் அக்கா என்போம். நேரில் நான் மதாம் என்றுதான் கூப்பிடுவேன்.

மே மாதத்தில் இந்த நாட்டில் அடிமை வணிகத்தையும் அது ஒழிக்கப்பட்டதையும் நினைவுகூருவார்கள். அதையொட்டி எங்கள் வட்டாரத்து மண்டபத்தில் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு ஒரு கிழமை ஒதுக்க வேண்டும் என்று நேர்ஸ் அக்கா குளிர்காலத்திலேயே தொடங்கிவிட்டார்.

"சிலை வைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேச எவ்வளவோ பேர் இருக்கிறார்கள்," என்றார். "எனக்கு இந்தத் தெருவில் நடந்தவர்கள் வேணும். ரயில் பெட்டி கழுவினவர்கள், தபால் பிரித்தவர்கள், என்னோடு ஆஸ்பத்திரியில் இரவு விழித்தவர்கள். அவர்களுடைய படமும், அவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்ற கதையும் போதும்."

மண்டபத்தில் எதிரெதிராக இரண்டு நீளச் சுவர். ஒன்றில் உயிரோடு இருப்பவர்கள், மற்றதில் இறந்துபோனவர்கள். படங்களை அவர் தேடுவார். கடைகளில் சொல்லி விசாரிப்பதும், சட்டம் போடுவதும், சுவரில் மாட்டுவதும் நானும் அவரும்.

வெண்டிக்காய் ஐயாவின் படம் இறந்தவர்களின் சுவரில் வந்தது இப்படித்தான்.

அவர் மாலி நாட்டுக்காரர். ரயில் பெட்டிகளைக் கழுவும் வேலையில் முப்பது வருடம் இருந்து இளைப்பாறியவர். லாச்சப்பல் தண்டவாளங்களுக்கு அப்பால், தனியாக வந்த ஆபிரிக்கத் தொழிலாளர்கள் தங்கும் ஒரு விடுதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எங்கள் கடைக்கு வருவார். வாங்குவது வெண்டிக்காய், கருவாடு, சில நேரம் வாழைக்காய். வேலைத்தலத்தில் எங்கள் பொடியன்களோடு சேர்ந்து வேலை செய்ததில் பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொல் அவருக்குத் தெரியும். வெண்டிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று, நான் கையை வைக்கும் இடத்தைப் பார்த்து, "அங்கை இல்லை, இஞ்சை," என்று பிஞ்சாகத் தெரிந்தெடுப்பார். நல்லதாகக் கிடைத்தால் "நல்லம்". கிடைக்காவிட்டால் "நாளைக்கு". முதலாளி அண்ணை அவருக்கு வைத்த பெயர்தான் வெண்டிக்காய் ஐயா. அவருக்கும் அது தெரியும்.

இலையுதிர் காலத்தில் ஊருக்குப் போகிறேன், இரண்டு மாதத்தில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். தை பிறந்தும் வரவில்லை. மாசியில் நேர்ஸ் அக்கா வட்டாரத்தின் பழைய ஆட்களுக்கெல்லாம் அழைப்புக் கடிதம் அனுப்பினார். வெண்டிக்காய் ஐயாவுக்கு அனுப்பியது திரும்பி வந்தது. உறையில் விடுதி முகவரிக்குக் குறுக்கே ஒரு கோடு. அதன் மேல் நீல மையில் ஒரே ஒரு சொல்: இறந்துவிட்டார்.

நேர்ஸ் அக்கா உறையைக் கொண்டுவந்து கேஸ் மேசையில் வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வரிசையில் நின்றவர்கள்கூட நெருக்கவில்லை.

அடுத்த இதழில் பிரெஞ்சில் அவர் நாலு வரி எழுதினார். தமிழில் நான் அவருடைய படத்தைப் போட்டு, அதற்குக் கீழே மூன்று வரி எழுதினேன். எங்கள் கடைக்கு வருகிறவர்களுக்கு அவரைத் தெரியுமே. "எல்லோராலும் அன்போடு அறியப்பட்டவர் தன் தாய்நாட்டில் காலமானார்" என்று போட்டேன். எத்தனையோ தரம் எழுதிக் கை பழகிப்போன வரி. யாரும் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் கடைக்கு வந்து துக்கம் விசாரித்தார்கள், ஏதோ நான் அவருக்கு உறவு போல.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, படக் கண்காட்சி திறப்பதற்கு முதல் நாள், மண்டபத்தில் படங்களை மாட்டினோம். வெண்டிக்காய் ஐயாவின் படம் முன்னொரு வருடம் தெருவில் மேசை போட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டபோது நேர்ஸ் அக்கா எடுத்தது. நீல நிற நீண்ட அங்கி, வாய் நிறையச் சிரிப்பு. இறந்தவர்களின் சுவர் எனக்கு வெறுமையாகத் தெரிந்தது.

"எங்களுடைய வழக்கத்தில் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைப்போம்," என்றேன்.

"அப்படியென்றால் வைப்போம்," என்றார் நேர்ஸ் அக்கா. "யாரும் இவர்களுக்குப் பூ வைக்கவில்லை."

கடையிலிருந்து மல்லிகைச் சரம் எடுத்துக்கொண்டு வந்து பத்தொன்பது படங்களுக்கும் நான்தான் மாலை போட்டேன். வெண்டிக்காய் ஐயாவுடையதைச் சரியாக விழும்படி இரண்டு தரம் திருத்திவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் திறந்தோம். நல்ல வெயில். மண்டபத்தில் ஒரு முப்பது பேர் இருந்திருப்பார்கள். நேர்ஸ் அக்காவின் பழைய கூட்டாளிகள், பக்கத்துப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், ரூ காயிலிருந்து மூன்று நாலு தமிழ்ப் பெண்கள். தெருப்பக்கம் பெரிய கண்ணாடிச் சாளரம். இறந்தவர்களின் சுவர் சாளரத்துக்குள்ளால் வெளியே தெரியும்.

நான் சிறு தட்டில் வடை அடுக்கிக்கொண்டிருந்தேன். சாளரத்துக்கு வெளியே ஒருவர் கண்ணாடியில் நெற்றி முட்ட நிற்பது கண்ணில் பட்டது. உள்ளே பார்க்கிறார். மனிதரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கிறார். வாயிலிருந்து வந்த மூச்சு கண்ணாடியில் படர்ந்து முகத்தை மறைத்தது. அவர் கையால் துடைத்தார். துடைத்த இடத்தில் வெண்டிக்காய் ஐயாவின் முகம் தெரிந்தது.

முதலில் எனக்கு எந்தப் பயமும் வரவில்லை. "அட, வந்திட்டார்" என்றுதான் மனம் சொன்னது. பிறகுதான் மாலை நினைவுக்கு வந்தது. படத்தைப் பார்த்தேன். ஆளைப் பார்த்தேன். படத்தில் இருந்தவர் கொழுத்திருந்தார். வெளியே நின்றவரின் கன்னம் ஒட்டி, கண்கள் உள்ளே போயிருந்தன. அங்கி அதே நீலம்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொருவராக விலகி வழி விட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேரே சுவருக்குப் போய்த் தன் படத்துக்கு முன்னால் நின்றார். கீழே எரிந்துகொண்டிருந்த விளக்கு அவருடைய அங்கியை ஒரு பக்கம் மஞ்சளாக்கியது.

ஒரு தமிழ்ப் பெண் என் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா, உது அவர்தானே? பேப்பரிலை போட்டனீங்கள்..."

"ஓம்."

"அப்ப இது ஆர்?"

நேர்ஸ் அக்கா நேரே அவரிடம் போய், மணிக்கட்டைப் பிடித்து இரண்டு விரல் வைத்தார். நாடி பார்க்கிறார் என்பது எனக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. அத்தனை பேருக்கு முன்னால், உதடு அசைய எண்ணினார். அவரும் குழந்தைப்பிள்ளை போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார் வெண்டிக்காய் ஐயா.

"இருக்கிறது," என்றார் நேர்ஸ் அக்கா.

வெண்டிக்காய் ஐயா ஒரு கதிரையில் இருந்து, இரண்டு கோப்பை தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் பிடித்துவிட்டது. எத்தனை கிழமை கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. பழைய கைத்தொலைபேசியும் தொலைந்துவிட்டது. தேறிப் பாரிஸ் வந்து மூன்று நாள். விடுதி வாசலில் அவருடைய அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. யாரோ உள்ளே போகும்போது கூடப் போய்ப் பார்த்தால், தபால்பெட்டியில் வேறு பெயர். அவருடைய கட்டிலில் வேறு ஆள் படுத்திருக்கிறார். அவருடைய மாடியில் இருந்தவர்களில் ஒருவர் அவரைக் கண்டதும் கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மருந்துக்கடையில் அவருடைய காப்புறுதி அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை. ஓய்வூதியமும் நின்றுவிட்டது. புறநகரில் இருக்கும் ஒரு ஒன்றுவிட்ட தம்பி வீட்டில் படுத்து, பகலில் வந்து வட்டாரத்தில் நடந்திருக்கிறார்.

"தெரிந்த முகங்கள் என்னைப் பார்க்கின்றன. பிறகு வேறு பக்கம் பார்க்கின்றன," என்றார். "யாரும் வணக்கம் சொல்லவில்லை. நான் ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் காரணம் தெரிகிறது. நான் செத்துப்போயிருக்கிறேன்."

நான் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். எழுந்து போய்ப் படத்திலிருந்து மாலையைக் கழற்றினேன். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றபோது அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். மணந்து பார்த்தார். எங்கள் கடைத் தொலைக்காட்சியில் எத்தனையோ கலியாண வீடியோ பார்த்தவர் அவர். மாலை என்றால் அவருக்கு மரியாதை.

"எனக்காகச் செய்தது," என்றார். நான் தடுக்க முன்பே கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மூன்று தமிழ்ப் பெண்களும் ஒன்றாக ஒரு சத்தம் போட்டார்கள். பிணத்துக்குப் போட்ட மாலை என்றுகூடச் சொல்ல முடியாது. அதற்கு எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை. அந்த மாலையோடு அவர் மண்டபத்தைச் சுற்றி வந்தார், ஒவ்வொரு படமாகப் பார்த்தார், இறந்தவர்களில் தனக்குத் தெரிந்தவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி நின்றார். மல்லிகை உதிர்ந்துகொண்டே போனது. யாரும் அந்தப் பூவை மிதிக்கவில்லை.

நேர்ஸ் அக்கா அவருடைய படத்தைக் கழற்றி எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோகப் பார்த்தார்.

"விடுங்கள்," என்றார் அவர். "இந்தச் சுவரில் என் கூட்டாளிகள் இருக்கிறார்கள். அந்தச் சுவரில் எனக்கு யாரையும் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து கதிரை போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்குத் தன் பாட்டனாரின் கதையைச் சொன்னார். வெள்ளைக்கார அதிகாரிகள் ஊருக்கு வந்து வாலிபர்களைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போன காலம். பாட்டனாரையும் பிரெஞ்சுக்காரரின் யுத்தத்துக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்சக் காலத்தில் செத்துவிட்டதாகச் செய்தி வந்தது. வீட்டில் செய்ய வேண்டிய எல்லாம் செய்து முடித்தார்கள். மனைவியை அவருடைய தம்பிக்குக் கட்டி வைத்தார்கள். ஆறு வருடம் கழித்து ஒரு காலை இழுத்துக்கொண்டு மனிதர் ஊருக்குள் நடந்து வந்தார். ஊர்ச் சனம் ஏழு நாள் அவரோடு ஒரே தட்டில் கை வைக்கவில்லை. அவர் நிழல் விழுகிறதா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொன்னார்களாம்.

"பிறகு?" என்று ஆசிரியர் கேட்டார். "மனைவி?"

"மனைவி தம்பியோடுதான் இருந்தாள். பாட்டனார் ஊர் எல்லையில் வேறு வீடு கட்டி, வேறு பெண் கட்டினார். அந்தப் பெண்தான் என் பாட்டி. அந்தச் செய்தி பொய்யாக இருந்திராவிட்டால் நான் பிறந்திருக்க மாட்டேன்." சிரித்தார். "எங்கள் குடும்பத்தில் நேரத்துக்கு முந்திச் சாவது பழக்கம்."

யாரும் கூடச் சிரிக்கவில்லை. நேர்ஸ் அக்கா அதை எழுதி எடுத்தார்.

திங்கட்கிழமை நான் முதலாளி அண்ணையிடம் லீவு கேட்டு, வெண்டிக்காய் ஐயாவைக் கூட்டிக்கொண்டு நகரசபைக்குப் போனேன். வெளிநாட்டில் நெடுநாள் நிற்கும் இளைப்பாறியவர்களுக்கு "உயிரோடு இருக்கிறார்" என்று ஒரு பத்திரம் கொடுப்பார்கள். ஆள் நேரில் வர வேண்டும். மேசையில் இருந்த பெண் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், முத்திரை குத்தினாள். ஒரு நிமிட வேலை. இன்னார் இன்று என் முன் உயிருடன் தோன்றினார் என்று எழுதியிருந்தது.

வெளியே படியில் நின்று அவர் அதை என்னிடம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"எவ்வளவு காலத்துக்குச் செல்லும்?"

"கொஞ்ச மாதத்துக்கு. பிறகு புதுசு எடுக்க வேணும்."

"நல்லம்," என்றார் தமிழில், பத்திரத்தை நாலாக மடித்து அங்கிக்குள் வைத்துக்கொண்டு.

அந்தப் பத்திரத்தோடு விடுதி அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த பெண் கெட்டவள் இல்லை. பயந்துபோய்விட்டாள். உறையில் எழுதியது தான்தான் என்று ஒத்துக்கொண்டாள். கடிதங்கள் பல மாதம் சேர்ந்துவிட்டன, அவருடைய மாடிக்காரர்கள் அவருக்காகத் தொழுகை நடத்தினோம் என்று வந்து சொன்னார்கள், அதனால் எழுதினேன், வந்த கடிதங்களையெல்லாம் அப்படியே திருப்பி அனுப்பினேன் என்றாள். பிறகு கோப்பைத் திறந்து காட்டினாள். அத்தாட்சி என்று உள்ளே குத்தியிருந்தது எங்கள் செய்தித்தாளின் கடைசிப் பக்கம். என்னுடைய மூன்று வரி. அவளுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. மேலே இருந்த படத்தைப் பார்த்துக் குத்தியிருக்கிறாள்.

மாடிக்குப் போனோம். சட்டியைக் கீழே போட்டவர் நாற்பது வயதுக்காரர், கட்டட வேலை செய்கிறவர். எங்கள் கடைக்கும் வந்துபோகிறவர். எங்களைக் கண்டு எழுந்து நின்றார். வெண்டிக்காய் ஐயாவுக்குக் கை கொடுத்தார், ஆனால் உடனே விட்டுவிட்டார்.

"யார் உங்களுக்குச் சொன்னது?" என்று நேரே கேட்டேன். "தொழுகைக்கு முதல், முதல்முதல் செய்தி யாரிடமிருந்து வந்தது?"

அவர் என்னையே பார்த்தார். கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று திரும்பவும் கேட்டேன்.

"நீங்கள்தான், மதாம்," என்றார்.

தை மாதம் ஒரு நாள் அவர் கடைக்கு வந்தபோது, கேஸில் நின்ற நான் கேட்டிருக்கிறேன்: "கிழவர் போய்விட்டாரா?" எனக்கு நினைவிருந்தது. ஊருக்குப் போனவர் அங்கேயே தங்கிவிட்டாரா என்றுதான் நான் கேட்டது. பிரெஞ்சிலும் அந்தச் சொல் ஊருக்குப் போனதற்கும் செத்துப்போனதற்கும் பொருந்தும், போய்விட்டார் என்பதை நாங்கள் சுருக்கிச் சொல்லும் "போட்டார்" போல. அவருக்கும் அப்போது பல கிழமையாக ஐயாவிடமிருந்து தொலைபேசி வரவில்லை. வட்டாரத்தில் சாவுச் செய்தி எழுதுகிற பெண் கேஸில் நின்று, முகத்தைத் தாழ்த்தி, கிழவர் போய்விட்டாரா என்கிறாள். அவருக்கு அது கேள்வியாகக் கேட்கவில்லை. போய் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் தொழுதார்கள். அலுவலகத்துப் பெண் உறையில் எழுதினாள். உறை எங்களிடம் வந்தது. நான் மாலை போட்டேன்.

படியிறங்கினோம். வெண்டிக்காய் ஐயா எனக்கு முன்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "யாரோ ஒருவர் தொடங்கத்தானே வேணும்."

அன்றிரவே திருத்தம் எழுதினேன். அடுத்த இதழ் வரக் காத்திருக்காமல் ஒரு ஒற்றைத் தாளாக அடித்து, மறுநாள் கடைகளில் வைத்தோம். "சென்ற பங்குனி இதழில் காலமானதாக நாம் அறிவித்தவர் உயிரோடு இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம்." மகள் அதை வாசித்துவிட்டுப் பிரெஞ்சில் கேட்டாள், இப்படி முன்பு எப்போதாவது போட்டிருக்கிறீர்களா என்று. இல்லை என்றேன்.

புதன்கிழமை தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் பேசியவர் கூசேன்வில் புறநகரிலிருந்து ஒரு ஆண். குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"அக்கா, செத்தவர் எண்டு போட்டவர் திரும்பி வந்திட்டாராம் எண்டு போட்டிருக்கிறியள். எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? எந்த அரசாங்கக் கந்தோரிலை விசாரிச்சனீங்கள்?"

"நாங்கள் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை, அண்ணை. அவராத்தான் வந்தவர்."

"தானா வந்தவரோ," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு யார் காணாமல் போனது என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இன்னும் ஐந்தாறு பேர். எல்லாருக்கும் ஒரே கேள்வி. எங்கள் நாட்டு யுத்தத்தின் கடைசி மாதங்களில் என்னுடைய அண்ணனும் அப்படிக் காணாமல் போனவர்தான். வவுனியாவில் பேருந்தில் கண்டோம், இந்தியாவில் ஒரு கடையில் கண்டோம் என்று முதல் வருடங்களில் எத்தனையோ பேர் சொன்னார்கள். சொன்ன ஒவ்வொருவரையும் பிடித்து விசாரித்தால், தான் காணவில்லை, வேறொருவர் கண்டதாகச் சொன்னார் என்பார். ஊரில் இருக்கும் என் அக்கா மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டா. நான் அவருடைய படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை.

கண்காட்சியின் கடைசி நாள், இரண்டாவது ஞாயிறு. நேர்ஸ் அக்கா படங்களைக் கழற்றத் தொடங்கியிருந்தார். நான் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெண்டிக்காய் ஐயா தன் கதிரையில் இருந்தார். அப்போது ஒரு வயதான தமிழ் அம்மா வந்தா. மன்னார்ப் பக்கத்து வேதக்கார அம்மா, பூசை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும், கையில் செபமாலை. கடையில் கண்டிருக்கிறேன், அதிகம் கதைத்ததில்லை. ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்து சட்டம் போட்ட படம் ஒன்றை எடுத்தா. மீசை அரும்பிய ஒரு பொடியன், வெள்ளைச் சட்டை.

படத்தை என்னிடம் தரப்போகிறா என்று நினைத்தேன். அவ என்னைக் கடந்து வெண்டிக்காய் ஐயாவிடம் போனா. படத்தை அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தா.

"ஐயா," என்று தமிழிலேயே கேட்டா, "நீங்கள் அங்கை போய் வந்தனீங்களாம். இவனை அங்கை கண்டனீங்களோ?"

விளக்கும் துணியுமாக நான் அப்படியே நின்றேன். மொழிபெயர்க்க வேண்டியவள் நான்தான். நேர்ஸ் அக்கா ஏணியில் நின்றபடி என்னையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெண்டிக்காய் ஐயா படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு, நெற்றிக்கு, தாடைக்கு, கவனமாகப் பார்த்தார். ஒரு ஆளை அடையாளம் காட்டக் கூப்பிட்டால் எப்படிப் பார்ப்போமோ அப்படி.

"இல்லை, அம்மா," என்றார் தமிழில். "அங்கை இல்லை."

அம்மாவின் முகத்தில் நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. முதுகு நிமிர்ந்தது. "ஆண்டவரே," என்றா. அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினா. வட்டாரத்தில் அந்தக் கிழமை முழுவதும் யாரும் அந்தக் கையை அவ்வளவு நேரம் பிடித்திருக்கவில்லை. பிறகு படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வந்ததை விட வேகமாகப் போய்விட்டா.

நான் அவரிடம் பிரெஞ்சில் கேட்டேன், அந்த அம்மா கேட்டது உங்களுக்கு விளங்கியதா என்று.

"இந்தக் கிழமை ஒரு தாய் என்னிடம் வேறு என்ன கேட்பாள்?" என்றார்.

"ஆனால் நீங்கள் சொன்னது..."

"உண்மைதான் சொன்னேன். நான் அங்கே ஒருவரையும் காணவில்லை."

நேர்ஸ் அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏணியின் கடைசிப் படியில் இருந்துவிட்டார். அவருடைய வளையல்கள் சத்தம் போடாமல் கிடந்தன.

வெண்டிக்காய் ஐயாவுக்கு விடுதியின் வேறு மாடியில் ஒரு அறை கிடைத்தது. ஓய்வூதியமும் திரும்ப வரத் தொடங்கியது. கடையில் அவர் வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் இன்னும் ஒரு அடி தள்ளித்தான் நிற்கிறார்கள். அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆனி மாதம் அந்த அம்மா கடைக்கு வந்து, மகனின் படத்தை அடுத்த இதழில் போட முடியுமோ என்று கேட்டா.

"காணாமல் போனவர் எண்டு போடாதையுங்கோ, பிள்ளை. அவன் அங்கை இல்லை எண்டு தெரிஞ்சிட்டுதே. தேடுறம் எண்டும் வேண்டாம். அவர் இருக்கிறார் எண்டு போடுங்கோ."

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சரி என்றேன். வீட்டுக்குப் போய்க் கணினிக்கு முன்னால் இருந்து பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எழுதிய ஒவ்வொன்றையும் அழித்தேன். கடைசியில் படத்தையும், கீழே தாயின் தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் போட்டேன். வேறு ஒரு சொல்லும் போடவில்லை.

இதழ் கடைகளுக்குப் போன முதல் கிழமையிலேயே அந்த அம்மாவுக்கு இரண்டு பேர் தொலைபேசி எடுத்தார்களாம். இரண்டு பேரும் மகனைக் கண்டதாகச் சொன்னார்களாம்.